கேள்வி நேரம்: ரயிலில் அறுபடும் அழைப்பும் சுற்றி வரும் தரவும்

கேள்வி: வாரந்தோறும் விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் சென்று வருகிறேன். ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் கைப்பேசி அழைப்பு அறுபடுகிறது. அந்த நேரத்திலும் சிக்னல் கோடுகள் நிறைவாகவே தெரிகின்றன. டவர்கள் போதாமல் இருப்பதுதான் காரணமா?
– விழுப்புரம் வாசகர்

பதில்: இடம் மாறாமல் அறுபடுகிறது, கோடுகளும் குறையவில்லை என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு அழைப்பு கைமாறும் இடத்தில்தான் சிக்கல் இருக்கக்கூடும். கோடுகளை நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் சிக்னலின் வலிமையைத்தான் காட்டுகின்றன, தெளிவைக் காட்டுவதில்லை. எவ்வளவு வலிமைக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது அளவுகோலும் கிடையாது. இரண்டு மூன்று டவர்களின் சிக்னல் ஒரே அலைவரிசையில் ஏறத்தாழ சம வலிமையோடு வந்து விழும் இடத்தில் கோடுகள் நிறைந்திருக்கும், பேச்சு மட்டும் கலங்கும்.

4ஜியில் கைமாற்றம் நடக்கும் விதம் இது. பேசிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலையும் அளந்துகொண்டிருக்கிறது. பக்கத்து டவரின் சிக்னல் இப்போதைய டவரைவிட, உதாரணமாக 3 டெசிபல் (சிக்னல் வலிமையை ஒப்பிடும் அலகு) கூடுதலாக இருந்து, அந்த நிலை நிறுவனம் வகுத்த காத்திருப்பு நேரம் முழுவதும் நீடித்தால், கைப்பேசி தன் டவருக்கு அறிக்கை அனுப்புகிறது. அந்த டவர் அடுத்த டவரிடம் இடம் கேட்டு, அது ஒப்புக்கொண்ட பிறகு, 'அங்கே போ' என்ற கட்டளையைக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. அந்தக் கட்டளை பழைய டவரின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். அறிக்கை மேலே போய்க் கட்டளை கீழே வருவதற்குள் பழைய சிக்னல் சரிந்துவிட்டால், கைப்பேசி கட்டளையைப் படிக்க முடியாமல் நின்றுவிடுகிறது. வானொலிக் கைமாற்றத் தோல்விகளில் மிகவும் அறியப்பட்டது இந்தத் 'தாமதக் கைமாற்றம்'தான்.

காத்திருப்பு நேரத்தை 0 முதல் 5120 மில்லி விநாடி வரை, வரையறுத்த படிகளில் அமைக்கத் தரநிர்ணயம் இடம் தருகிறது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி விநாடிக்கு 30 மீட்டருக்குச் சற்று மேலாகக் கடக்கிறது. அளவீட்டைச் சராசரி எடுக்கும் நேரம், காத்திருப்பு நேரம், டவர்கள் பேசி முடிக்கும் நேரம் எல்லாம் கூடி ஒரு விநாடியைத் தாண்டினால், வெட்டவெளியில் ஒன்றும் ஆகாது. பாதை இரு கரைமேடுகளுக்கு நடுவே இறங்கும் இடத்திலோ, வளைவிலோ அந்த 30, 40 மீட்டரில் சிக்னல் படுத்துவிடும். அறுபடும் இடம் மாறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். அப்படியானால் காத்திருப்பைக் குறைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். குறைத்தால், எல்லைப் பகுதியில் வீடு வைத்திருப்பவரின் கைப்பேசி இரண்டு டவர்களுக்கும் இடையே இங்கும் அங்குமாகத் தாவிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கைப்பேசி அண்மையில் எத்தனை செல்களை (டவரின் சிக்னல் சேவை தரும் பகுதிகளை)க் கடந்தது என்பதைக் கொண்டு அதன் வேகத்தை மதிப்பிட்டு, விரைந்து செல்பவருக்கு மட்டும் காத்திருப்பை முக்காலாகவோ, பாதியாகவோ, கால்வாசியாகவோ குறைக்கும் ஏற்பாடும் 4ஜித் தரத்திலேயே இருக்கிறது. ரயில் பாதையோரச் செல்களில் அதைத் திருத்தமாக அமைப்பதே முதலில் செய்ய வேண்டிய வேலை என்பது என் கருத்து.

இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு 4ஜி செல்லுக்கும் 0 முதல் 503 வரை ஏதேனும் ஓர் அடையாள எண் தரப்படுகிறது. செல்கள் பல்லாயிரமாக இருப்பதால் எண்கள் திரும்பத் திரும்ப வரத்தான் செய்யும். ஒரே எண் கொண்ட இரண்டு செல்கள் ஒரு டவருக்கு இரு பக்கமும் அமைந்துவிட்டால், கைப்பேசி கிழக்கே உள்ளதைக் குறிப்பிட, டவர் மேற்கே உள்ளதிடம் இடம் கேட்டுவிடும். கைப்பேசி போய்ச் சேரும் இடத்தில் அதற்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். 5ஜியில் எண்கள் 1008 ஆக்கப்பட்டிருந்தாலும் சிக்கல் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

புதிய டவர் நடுவதைத் தீர்வாகக் கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஒரு டவர் கூடினால் கைமாற்ற எல்லைகளும் கூடுகின்றன. சீனாவின் அதிவேக ரயில் பாதைகளில் இதற்கு நேர்மாறான வழி கையாளப்படுகிறது. பாதையோரத்தில் வரிசையாக நிற்கும் பல ஆன்டெனாக்களை ஒரே செல்லாக இணைத்துவிடுவதால், வண்டி பல கிலோமீட்டர் ஓடியும் கைமாற்றத்துக்கு வேலை இருப்பதில்லை. இந்திய ரயில்வேயின் சொந்தத் தகவல்தொடர்புக்கென 2021 ஜூனில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 5 மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கப்பட்டது. அந்தப் பட்டையின் அலை தொலைவு செல்லும், செல்கள் பெரிதாகும், கைமாற்றமும் குறையும். ஆனால் அது ரயில் இயக்கத்துக்கானது, பயணிகளின் அழைப்புக்கானது அல்ல.

5ஜியில், கைப்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின் 16ஆம் வெளியீடு இரண்டு நல்ல வழிகளைச் சேர்த்தது. முதலாவது நிபந்தனைக் கைமாற்றம்: பழைய சிக்னல் நன்றாக இருக்கும்போதே, அடுத்து வரக்கூடிய சில செல்களில் இடம் பிடித்து, கட்டளையையும் நிபந்தனையையும் கைப்பேசியிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள், நிபந்தனை நிறைவேறிய கணத்தில் கைப்பேசி யாரையும் கேட்காமல் தானே மாறிக்கொள்கிறது. மூன்று செல்களில் இடம் பிடித்து ஒன்றைத்தான் பயன்படுத்துவோம் என்பதால் இரண்டில் பிடித்த இடம் வீண். அந்தச் செலவுக்கு நிறுவனம் தயாராக இருக்க வேண்டும். இரண்டாவது, புதிய டவரின் தொடர்பு உறுதியாகும் வரை பழையதையும் விடாமல் இரண்டிலும் தரவு பெறுவது. இதற்குக் கைப்பேசியிலும் அதற்கேற்ற திறன் வேண்டும்.

கேள்வி: அழைப்பு அறுந்த பிறகு 'ஏரோப்ளேன் மோட்' போட்டு எடுத்தால் இணையம் விரைவாகத் திரும்புகிறது. இது என் கற்பனையா?
– கும்பகோணம் வாசகி

பதில்: கற்பனை இல்லை. பலவீனமான செல்லையோ 2ஜியையோ பிடித்துக்கொண்டிருக்கும் கைப்பேசி அதை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடத் தொடங்குகிறது. பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: கைமாற்றத்தையும் ரூட்டிங்கையும் (தரவு செல்லும் பாதையைத் தேர்ந்தெடுப்பதையும்) சேர்த்து இறுதியாண்டுத் திட்டப்பணி செய்ய விரும்புகிறேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு? எதை அளக்க வேண்டும்?
– பொறியியல் மாணவர், திருநெல்வேலி

பதில்: கைமாற்றத்தில் வேலை இரண்டு. வானொலித் தொடர்பு புதிய டவருக்கு மாற வேண்டும். பின்னாலிருந்து வரும் தரவுப் பொட்டலங்களின் (தரவு பிரித்து அனுப்பப்படும் சிறு துண்டுகளின்) பாதையும் மாற வேண்டும். முதலாவது முடிந்த பின்னும் சிறிது நேரம் நிறுவனத்தின் மையப் பிணையம் பழைய டவருக்கே பொட்டலங்களை அனுப்பிக்கொண்டிருக்கும். 4ஜியில் பழைய டவர் அவற்றைப் புதிய டவருக்குத் திருப்பி அனுப்புகிறது. பாதை மாறியதும் 'பழைய வழியில் இதுவே கடைசி' என்று ஓர் அடையாளப் பொட்டலம் வருகிறது. அதைப் பார்த்துத்தான் புதிய டவர் வரிசை குலையாமல் அடுத்தவற்றை அனுப்புகிறது. இரண்டு டவர்களுக்கும் நேரடி இணைப்பு இல்லையென்றால் எல்லாம் மையத்தின் வழியாகச் சுற்றிப் போகும், தாமதமும் ஏறும்.

சுற்றுப்பாதை என்பது பழைய நோய். இடம் மாறினாலும் இணைய முகவரி மாறாமல் இருக்க உதவும், 1996இல் வெளியான மொபைல் ஐபி நெறிமுறையில், நீங்கள் எங்கே இருந்தாலும் உங்களுக்கு வரும் பொட்டலம் முதலில் சொந்தப் பிணையத்தில் உங்கள் முகவராக இருக்கும் கருவியிடம் போய், அங்கிருந்துதான் உங்களைத் தேடி வரும். இன்றைக்கும் இந்திய சிம்முடன் சிங்கப்பூரில் ரோமிங்கில் இருப்பவர் சிங்கப்பூர்த் தளமொன்றைத் திறந்தால், பெரும்பாலும் தரவு இந்தியாவுக்கு வந்து திரும்புகிறது. மொபைல் ஐபியின் ஆறாம் பதிப்பு நேர்ப்பாதைக்கு வழி செய்தது. அதன் விரைவுக் கைமாற்ற விரிவாக்கம், பழைய இடத்தில் இருக்கும்போதே புதிய முகவரியைத் தயார் செய்துகொள்ள உதவியது. முறைகளின் பெயர்கள் வேறு. உத்தி மேலே சொன்ன நிபந்தனைக் கைமாற்றத்தின் உத்தியேதான்.

அளவீட்டைப் பொறுத்தவரை, கைமாற்றங்களின் எண்ணிக்கை குறைந்தது என்று மட்டும் காட்டாதீர்கள். கைமாற்றமே செய்யாமல் தொடர்பை அறுத்தாலும் அந்த எண்ணிக்கை குறையும். தொடர்புத் தோல்வி, இரு டவர்களுக்கிடையே திரும்பத் தாவல், தரவு நின்ற நேரம் ஆகிய மூன்றையும் ஒரே வரைபடத்தில் வையுங்கள். என்எஸ்-3 பாவனை மென்பொருளில் இயல்பாக அமைந்திருக்கும் 3 டெசிபல் கூடுதல் வலிமை, 256 மில்லி விநாடி காத்திருப்பு என்ற மதிப்புகளோடு ஒப்பிட்டுக் காட்டினால் மதிப்பீட்டாளருக்குத் தெளிவாகும். பயனர்களை மனம்போன போக்கில் நகர்த்தும் மாதிரியில் குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யமாக வைத்துவிடாதீர்கள். நேரம் போகப்போகச் சராசரி வேகம் சரிந்து, முடிவுகள் உங்கள் முறையைத் தேவைக்கு மேல் நல்லதாகக் காட்டும்.

கேள்வி: வீட்டு வாசலைத் தாண்டியதும் வைஃபை போய் மொபைல் டேட்டா வருகிறது. யூடியூப் நிற்பதில்லை, செயலிவழிப் பேச்சு மட்டும் சில விநாடி உறைகிறது. ஏன்?
– சேலம் வாசகி

பதில்: யூடியூப் சில விநாடிகளுக்கான படத்தை முன்னதாகவே சேமித்து வைத்திருக்கிறது, நேரடிப் பேச்சில் அதற்கு வழியில்லை. வைஃபையிலிருந்து மாறும்போது உங்கள் ஐபி முகவரியே (இணையத்தில் கைப்பேசியின் முகவரி) மாறிவிடுகிறது. இணையத்தில் வழக்கமான டிசிபி நெறிமுறையின் இணைப்பு, முகவரிகளையும் போர்ட் எண்களையும் (கருவிக்குள் எந்தச் செயலி என்பதைக் குறிக்கும் எண்கள்) வைத்தே அடையாளம் காணப்படுவதால், முகவரி மாறினால் இணைப்பு செத்துவிடும். 2021 மே மாதம் தரமாக்கப்பட்ட க்விக் நெறிமுறை, முகவரியைச் சாராத இணைப்பு எண்ணைப் பயன்படுத்துவதால் மாற்றத்தைத் தாங்கும். மற்றபடி, கைப்பேசி வலுவிழந்த வைஃபையைக் கடைசி வரை விடாமல் பிடித்துக்கொள்வதும் உறைவதற்கு ஒரு காரணம். படியிறங்கும் முன்பே வைஃபையை அணைத்துவிட்டுப் பேசத் தொடங்கினால் போதும்.

கேள்வி: டவரே இல்லாமல் கருவிகள் ஒன்றின் வழியாக ஒன்று பேசும் தற்காலிகப் பிணையத்தில், தேவைப்படும்போது மட்டும் பாதை தேடும் ஏஓடிவி முறை சுருக்கமான பாதையைத் தேர்ந்தெடுத்தும் அடிக்கடி அறுபடுவது ஏன்?
– ஆய்வு மாணவி, கோவை

பதில்: சுருக்கமான பாதை என்பதே காரணம். தாவல்களை (ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குப் போகும் படிகளை)க் குறைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு தாவலும் நீளமாக இருக்க வேண்டும். ஆகவே, எட்டும் தூரத்தின் விளிம்பில் நிற்கும் கருவிகளே தேர்வாகின்றன. அவற்றில் ஒன்று சில மீட்டர் நகர்ந்தாலும் இணைப்பு போய்விடும். அது போனதை அறிவதும் தாமதம்: இயல்பான அமைப்பில் 'இருக்கிறேன்' என்று தெரிவிக்க விநாடிக்கு ஒரு 'ஹலோ' செய்தி, இரண்டு தவறினால்தான் அறுந்ததாகக் கொள்ளப்படும். அதற்குப் பிறகுதான் பிழைச் செய்தி, அதன் பின் புதிய தேடல். அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒப்புகை வருகிறதா என்று கீழடுக்கில் (வானொலி இணைப்பைக் கவனிக்கும் அடுக்கில்) பார்த்தால் அறுந்ததை உடனே அறியலாம். அண்டைக் கருவியின் சிக்னல் சீராகச் சரிவதைக் கண்டதும், இணைப்பு உயிரோடு இருக்கும்போதே மாற்றுப் பாதையைத் தேடத் தொடங்குவது இன்னும் நல்லது. தாவல்களின் எண்ணிக்கைக்குப் பதிலாக, ஒரு பொட்டலத்தைச் சேர்ப்பிக்கச் சராசரியாக எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கிறது என்பதைப் பாதையின் விலையாக வைத்துப் பாருங்கள். கருவிகள் மெதுவாக நகரும் பிணையத்தில் அது நன்றாக வேலை செய்யும், வேகமாக நகர்ந்தால் அந்தச் சராசரி பழையதாகிவிடும்.