செக் என்ஜின் விளக்கு அணைந்துவிட்டால் பழுது சரியாகிவிட்டது என்று அர்த்தமா?

விளக்கு அணைந்ததை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். காரில் மாட்டிக் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் கருவியில், கார் பதிந்துவைத்த பிழைக் குறியீட்டை அழித்தாலே அது அணைந்துவிடும். கோளாறு அப்படியே இருக்கலாம். அழிக்கும்போது காரின் சுயபரிசோதனைகளும் 'இன்னும் முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து, நெரிசலிலும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்திலும் சில நாள் ஓட்டினால்தான் அவை ஒவ்வொன்றாக முடியும். அப்புறம் ஸ்கேனரை மாட்டி, எல்லாம் முடிந்திருக்கிறதா, விளக்கை இன்னும் எரியவைக்காமல் நிலுவையில் பிழைக் குறியீடு ஏதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

இதைவிட முக்கியம், கோளாறு முதலில் எப்போது வந்ததோ அதே நிலையில் ஓட்டிப் பார்ப்பது. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் வரும் நடுக்கம், பட்டறை வாசலில் இரண்டு நிமிடம் ஓடவிட்டால் தெரியவே தெரியாது. மெக்கானிக்கையும் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம்.