வாசகர் கேள்விகள்: இரண்டு காலும் ஐந்து தட்டும்

சென்ற இதழில் அமெரிக்காவின் டிரம் கோர் போட்டிகளைப் பற்றிச் சில பத்திகள் எழுதியிருந்தேன். தோற்கருவிகளும் பித்தளை ஊதுகருவிகளும் கொடிக்குழுவும் சேர்ந்து, பெரிய விளையாட்டுத் திடலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்துகொண்டே வாசிக்கும் போட்டிக் குழுவுக்கு அங்கே அந்தப் பெயர். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களுள் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர்: பள்ளி பேண்டு வாத்தியக் குழுவில் வாசித்து வெளியே வந்த 32 பேர் சேர்ந்து ஒரு டிரம் குழு நடத்துகிறோம். நான்கு ஆண்டுகளாகப் போட்டிகளுக்குப் போகிறோம். மூன்றாம் இடத்துக்கு மேல் ஏறியதில்லை. அடுத்த முறை 'தானே' புயலைக் கதையாக எடுத்து, இடி ஓசையை ஒலிபெருக்கியில் விட்டு, பெரிய தட்டிகள் நிறுத்தி ஆடலாம் என்கிறார்கள் ஒரு சாரார். சுத்தமான மார்ச்சே போதும் என்கிறார்கள் மற்றொரு சாரார். எந்தத் திசையில் போவது?

பதில்: சுத்தமாக வாசிப்பது எந்தத் திசையில் போனாலும் வேண்டியதுதான், அதையே திசை என்று சொல்லிவிட முடியாது. கதை வேண்டும் என்பவர்களோ, குழுவின் கையிலும் காலிலும் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே தட்டிக்கு ஆர்டர் கொடுக்கக் கிளம்பிவிட்டார்கள். இந்த வழக்கு அமெரிக்கக் குழுக்களிலும் ஐம்பது ஆண்டுகளாக நடப்பதுதான் என்பதால், அங்கே அது எப்படி நகர்ந்தது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் இறுதிப் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் வைட்வாட்டர் நகரில் நடந்தது. அக்காலத்து நடுவர்கள் வரிசைகளுக்கிடையே நடந்து, கண்ணிலும் காதிலும் பட்ட ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு பங்கு புள்ளியை வெட்டுவார்கள். பிழையை மட்டுமே எண்ணும் நடுவரின் முன்னால் யாரும் புதியதைச் செய்து பார்க்கத் துணிவதில்லை. கடினமான தொடரை எழுதியவனுக்கு எளிதான தொடரை எழுதியவனைவிட அதிகம் வெட்டு விழும். 1984-இல் அந்த முறை கைவிடப்பட்டது. இன்று 100 புள்ளிகளில் 40 நிகழ்ச்சி பார்ப்பவரிடம் உண்டாக்கும் ஒட்டுமொத்த விளைவுக்கும், 30 காட்சிக்கும், 30 இசைக்கும் போகின்றன. அங்கே கதையும் தட்டியும் பெருகியதற்கு இந்த 40 புள்ளிகள் பெரிய காரணம்.

ஆனால் பெரிய திருப்பம் அதற்கு ஓராண்டு முன்பே, ஒரு கதையும் இல்லாமல் நிகழ்ந்துவிட்டது. அதுவரை குழுக்கள் திடலின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்றுக்கொன்று ஒத்த வடிவங்களையே பெரும்பாலும் நடந்து காட்டின. நியூ ஜெர்சியைச் சேர்ந்த கார்ஃபீல்டு கேடட்ஸ் குழுவுக்கு டிரில், அதாவது யார் எப்போது எங்கே நடப்பது என்ற நடைத் திட்டம், எழுதிய ஜார்ஜ் ஜிங்காலி, 1983-இல் அந்தச் சமச்சீரை உடைத்தார். ஒருபுறம் கூட்டமும் மறுபுறம் வெட்டவெளியுமாக, ஒரு கோடு வளைந்து மற்றொன்றை ஊடுருவும்படியாக, வடிவங்கள் திடல் முழுவதும் ஓடின. அந்தக் குழு 1983, 1984, 1985 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. அவர்கள் மாற்றிக்கொண்டது நடையை.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் உண்டு. 1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, இசையமைப்பாளர்கள் பார்டாக், பார்பர் ஆகியோரின் இசையை எடுத்துக்கொண்டு, கைதட்டலுக்கு இடமே விடாத இறுக்கமான நிகழ்ச்சி ஒன்றைக் கொடுத்தது. பார்வையாளர்களில் சிலர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். பத்தில் ஒரு பங்கு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் இடம். அத்தோடு அந்தக் குழு போட்டிக் களத்தை விட்டு விலகி மேடைக்குப் போனது. அந்த வழியில் பிறந்த மேடை நிகழ்ச்சி 2001-இல் அமெரிக்க நாடக மேடைக்கான டோனி விருது பெற்றது. நான்காண்டுகளாக மூன்றாம் இடத்தில் நிற்கும் உங்களுக்கு இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: தனக்கென ஒரு நடையைத் தேடும் குழு, தேடும் காலத்தில் ஓரிரு ஆண்டுகள் இன்னும் கீழே இறங்கவும் கூடும். அதற்கு உங்கள் 32 பேரும் சம்மதிக்கிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது புயலுக்கு வருகிறேன். கருப்பொருளை நான் எதிர்க்கவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் 'தானே' கரையைக் கடந்ததை இந்தப் பக்கத்தில் பிறந்தவர்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? ஆனால் புயல் என்றதும் இடியோசை என்பது, எந்த ஊர்க் குழுவுக்கும் முதல் ஐந்து நிமிடத்தில் தோன்றும் யோசனை. அன்று காலையில் பண்ருட்டிப் பக்கம் போனவர்கள் சொன்னது வேறு. வரிசை வரிசையாக முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரம் இல்லாத நாட்களில் கேட்டதெல்லாம் கோடரியும் ரம்பமும்தான். டிரம் குழுவுக்கு இதைவிடத் தோதான ஓசை கிடைக்குமா? சைடு டிரம்மின் தோலை விட்டுவிட்டு விளிம்பில் மட்டும் குச்சியைத் தட்டினால் கோடரி. குச்சியோடு குச்சியை உரசினால் ரம்பம். ஒலிபெருக்கிக்கு வாடகை கொடுக்க வேண்டாம். டிரில்லிலும் அதே கணக்குத்தான்: நேர்கோட்டில் நிற்கும் தோப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதைக் காட்ட, சமச்சீர் அற்ற வடிவத்தைத் தவிர வேறு வழியே இல்லை. தட்டி கட்டாயம் வேண்டும் என்பவர்களுக்கு நம் ஊர்த் தெருக்கூத்தே பதில் வைத்திருக்கிறது. இரண்டு பேர் கையில் பிடிக்கும் ஒரு துணித் திரைக்குப் பின்னால் வேஷக்காரர் சலங்கை ஒலியோடு நின்று, திரைக்கு மேல் கிரீடத்தை மட்டும் காட்டிக் கூட்டத்தைக் காக்க வைப்பார். அந்தத் திரை நடக்கும், திரும்பும், நொடியில் மறையும், லாரியும் வேண்டாம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நம் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பறையையும் தவிலையும் எங்கள் குழுவில் சேர்க்க நினைக்கிறோம். எதிர்காலம் இதில்தானே இருக்கிறது?

பதில்: கருவியைச் சேர்ப்பதற்கு முன்னால் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள் என்பேன். மேற்கத்திய மார்ச்சின் அடிப்படை இரண்டு கால்; ஆகவே அதன் தாளம் பெரும்பாலும் இரண்டிலும் நான்கிலும் ஓடும். நம்மிடம் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஐந்து தாள நடைகள் இருக்கின்றன. கண்டத்தை, அதாவது 'தகதகிட' என்ற ஐந்தை, ஓர் அடிக்கு ஒரு தட்டாக வைத்து நடந்து பாருங்கள். முதல் தொடர் இடக்காலில் தொடங்கினால் அடுத்த தொடர் வலக்காலில் தொடங்கும். பத்து அடி முடிந்த பிறகே தொடக்கம் மறுபடி இடக்காலுக்கு வரும். அழுத்தம் கால் மாறிக்கொண்டே போவதால் பார்ப்பவருக்கு வரிசை முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்வதுபோலத் தோன்றும். இதே தொடரைப் பேஸ் டிரம் நான்கில் அடிக்க, சைடு டிரம் ஐந்தில் அடித்தால், இருவரும் இருபதாவது அடியில் ஒன்றாக வந்து முடித்து, இருபத்தொன்றாவது அடியில் சேர்ந்து தொடங்குவார்கள். அந்த ஒரு சேர்க்கைக்காக மைதானமே மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும்.

பயிற்சிக்கு ஒரு சிறு உதவி: அமெரிக்கக் குழுக்கள் 5 கெஜத்துக்கு 8 காலடி என்ற கணக்கில், அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம் என்று, நடையைப் பழக்குகின்றன. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அதே நடையைப் பழகிவிட்டு, அதன்மேல் ஐந்தை ஏற்றுங்கள். முதல் மாதம் கால் குழம்பும்; நான் பழகியபோது என் கால் இரண்டு மாதம் குழம்பியது.

பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலைத் தீயில் காய்ச்சித்தான் அதன் சுருதி ஏற்றப்படுகிறது. கடற்காற்றில் அது மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் தோலைத் திருகாணியால் முறுக்கிவிட்டு நாள் முழுதும் வாசிக்கும் சைடு டிரம்மோடு அதை நிறுத்தினால், பத்தாவது நிமிடத்தில் பறை மந்தமாகிவிட்டது என்று பழி அதன்மேல் விழும். ஆகவே பறையை நிகழ்ச்சியின் எந்த இடத்தில் வைப்பது என்பதே வடிவமைப்பாளர் எடுக்க வேண்டிய முடிவுதான். இன்னொன்றும் உண்டு. பறையடித்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய வரலாறு இந்த மண்ணுக்கு இருக்கிறது. அந்தக் கலைஞர்களை அழைத்து, ஊதியம் கொடுத்து, நிகழ்ச்சியை அமைப்பவர்கள் வரிசையில் அவர்கள் பெயரையும் போட்டால் சேருங்கள். முன்வரிசையில் அலங்காரத்துக்கு நான்கு பறை என்றால், வேண்டாம்.

தவிலுக்கு அந்தச் சிக்கல் குறைவு. தோளில் மாட்டி நடந்துகொண்டே வாசிப்பது கோயில் ஊர்வலங்களில் அதற்குப் பழகிய வேலை. தவிலின் உடல் பலா மரத்தில் கடையப்படுவது. முதல் கடிதம் எழுதிய மஞ்சக்குப்பத்து நண்பர் இதைப் படித்தால், சாய்ந்த பலாவுக்குப் பிறகு கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு தவில் உள்ளே வரலாமா என்று யோசித்துப் பார்க்கட்டும்.

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகி: போட்டியில் மைக், கீபோர்டு, பதிவு செய்த ஒலி ஆகியவற்றைப் பயன்படுத்தலாமா?

பதில்: நீங்கள் போகும் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள், நமது பள்ளி, காவல் துறைப் போட்டிகளின் விதி வேறு, அமெரிக்க விதி வேறு. அங்கேயும் ஒலிபெருக்கி 2004-இல்தான் அனுமதிக்கப்பட்டது, மின்னணுக் கருவிகள் 2009-இல். இன்றும் பழைய ரசிகர்கள் அதை முணுமுணுப்போடுதான் ஏற்றிருக்கிறார்கள். என் கருத்து, 32 பேர் அளவுள்ள குழுவுக்கு அது ஆபத்து: ஒலிபெருக்கி பேசத் தொடங்கினால் கையால் அடிப்பவன் காணாமல் போய்விடுவான்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகர்: தலையில் இறகு வைத்த தொப்பியும் பித்தளைப் பொத்தான் சட்டையும் இல்லாமல் பேண்டு என்று எப்படிச் சொல்வது? இளைஞர்கள் அதைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.

பதில்: புதுச்சேரிக் கடற்கரைச் சாலை அணிவகுப்பில் காவலர்களின் சிவப்புத் தொப்பியைப் பார்த்து வளர்ந்த எனக்கு உங்கள் மனம் புரிகிறது. ஆயினும் ஓஹையோவின் கேன்டன் நகரத்துப் புளூகோட்ஸ் குழு, அந்நகரக் காவலர்களை நினைவூட்டும் பெயரைச் சுமந்துகொண்டே, 2016-இல் தலையில் எதுவும் இல்லாமல் ஆடித் தன் முதல் பட்டத்தை வென்றது. அவர்கள் அன்று சரிவுப் பலகைகளில் ஏறிச் சறுக்கினார்கள், தொப்பி இடைஞ்சல். உங்கள் நிகழ்ச்சியில் உடல் குனிந்து வளைய வேண்டியிருந்தால் தொப்பியைக் கழற்றுங்கள். நிமிர்ந்த நடை மட்டும் என்றால் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தாய்: என் மகள் வாசிக்கும் குழுவை அமைத்துக்கொடுத்துவந்த பேண்டு மாஸ்டர் விலகிவிட்டார். வெளியூரிலிருந்து பெயர் பெற்ற ஒருவரைப் பெரிய தொகை கொடுத்து அழைக்கலாம் என்கிறார்கள். பெற்றோர்தான் பணம் போட வேண்டும். சரியா?

பதில்: பணத்தை நினைத்து நீங்கள் தயங்குவது சரிதான். மேலே நான் புகழ்ந்த கேடட்ஸ் குழு 1934-இல் தொடங்கி 90 ஆண்டு இயங்கி, நிதி நெருக்கடியில் 2024-இல் மூடப்பட்டது. கலிபோர்னியாவின் சான்டா கிளாரா வேன்கார்டு பணமில்லாமல் 2023 பருவம் முழுவதும் களமிறங்காமல் இருந்துவிட்டு மறு ஆண்டு திரும்பியது. அவ்வளவு பெரிய குழுக்களுக்கே அந்த நிலை.

வருபவரிடம் தொகையைப் பேசுவதற்கு முன்பு எத்தனை நாள் வருவார் என்று பேசுங்கள். நம் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. போட்டி ஜனவரியில் என்றால் வெட்டவெளிப் பயிற்சிக்குச் செப்டம்பரோடு காலம் முடிந்தது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். நவம்பரில் வந்து, கையில் கொண்டுவந்த பழைய நிகழ்ச்சியை நம் பிள்ளைகள்மேல் ஒட்டிவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளில் யாருக்கு இடக்கை வேகம், யாருக்கு மூச்சு நீளம் என்பது கடைசிவரை அவர்களுக்குத் தெரியாது. ஜூன் மாதம் ஒரு வாரம் உட்கார்ந்து பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டு, அதன் பிறகு எழுதத் தொடங்க ஒப்புக்கொள்கிறவர் உள்ளூர்க்காரரானாலும் வெளியூர்க்காரரானாலும் அழைக்கலாம்.

அதற்கு முன் விலகிய மாஸ்டரிடமிருந்து கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது. நம் குழுக்களில் டிரில்லும் தொடர்களும் மாஸ்டரின் தலைக்குள்ளேயே இருந்து, அவரோடு போய்விடுகின்றன. இதுவரை ஆடிய நிகழ்ச்சிகளை, எந்த அடியில் யார் எங்கே நின்றார்கள் என்பது வரை, ஒரு கோடுபோட்ட நோட்டில் எழுதிக்கொடுக்கும்படி மரியாதையோடு கேளுங்கள். மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். உங்கள் மகளும் இன்னும் இரண்டு பேரும் அவர் அருகில் உட்கார்ந்து எழுதட்டும்.