எந்தப் பக்கத்துச் செவா?

கேள்வி: ஆப்பிரிக்காவில் ஒருவர் என்ன இனம் என்று தெரிந்தால் போதும், அவர் ஓட்டு யாருக்கு என்று சொல்லிவிடலாமாமே? இதற்குப்போய் ஆராய்ச்சி வேறு எதற்கு?

பதில்: சொல்லிவிடலாமா? சொல்லுங்கள் பார்ப்போம். டும்புக்கா இனத்து வேட்பாளர் ஒருவர் அதிபர் பதவிக்கு நிற்கிறார். செவா இனத்துக்காரர் அவருக்கு ஓட்டுப் போடுவாரா? "எந்த நாட்டுச் செவா?" என்று நீங்கள் திருப்பிக் கேட்காத வரை எந்த விடை சொன்னாலும் தப்பு.

மலாவிக்கும் சாம்பியாவுக்கும் நடுவே உள்ள எல்லை, 1891-இல் பிரிட்டிஷ் சவுத் ஆப்பிரிக்கா கம்பெனி நிர்வாக வசதிக்காகக் கிழித்த கோடு. இரு இனத்தாரும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அரசியல் அறிஞர் டேனியல் போஸ்னர் எல்லையோரமாக நான்கே கிராமங்களை எடுத்துக்கொண்டார்: மலாவியில் ஒரு செவா ஊர், ஒரு டும்புக்கா ஊர், சாம்பியாவிலும் அதே மாதிரி இரண்டு. இனம் அதே இனம், வழக்கம் அதே வழக்கம். மாறுவது நாடு மட்டும்தான். ஆய்வின் சாமர்த்தியமே இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

உங்கள் இரண்டு இனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் இரு பக்கமும் ஒரே பதில்தான் வந்தது: ஆட்டம் வேறு, பழக்கம் வேறு, பெண்ணுக்குப் பரிசமாக டும்புக்காக்கள் மாடு கேட்பார்கள், செவாக்களுக்குக் கோழி போதும். ஆனால் மற்ற இனத்தவருக்கு ஓட்டா என்றதும் கதை மாறியது. தயங்கியவர்கள் மலாவியில் சுமார் 60 சதவீதம், சாம்பியாவில் சுமார் 20. 2004-இல் வெளியான முடிவு இது.

காரணம் தலைக்கணக்கு. போஸ்னர் தந்த கணக்குப்படி மலாவி மக்கள்தொகையில் செவாக்கள் ஏறத்தாழ 28 சதவீதம், டும்புக்காக்கள் 12. இந்த அளவு ஆள்பலம் இருந்தால் அதை நம்பிக் கட்சி நடத்தலாம். 1994 தேர்தலில் செவாக்கள் நிறைந்த நடு மாநிலம் அப்போதைய அதிபர் பண்டாவின் கட்சிக்கும், டும்புக்காக்கள் நிறைந்த வட மாநிலம் எதிர்க்கட்சித் தலைவர் சிஹானாவின் கட்சிக்கும் போனது அப்படித்தான். சாம்பியாவில் அவர்கள் 7, 4 சதவீதம். தனித்தனியாக நின்றால் ஒரு மூலைக்கும் காணாது. ஆகவே அங்கே இருவரும் சேர்ந்து 'கிழக்கத்தியர்'. 1991 தேர்தலில் நாடு அதிபர் கவுண்டாவைக் கைவிட்டபோதும் கிழக்கு மாகாணம் அவர் கட்சியை விடவில்லை.

நான்கு ஊரை வைத்து ஒரு கண்டத்தையே அளக்க முடியாதுதான். அதனால் போஸ்னரும் வேறு இருவரும் 10 நாடுகளில் 35,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆஃப்ரோபாரோமீட்டர் என்ற ஆப்பிரிக்கக் கருத்துக்கணிப்புக்குச் சொன்ன பதில்களை அலசி 2010-இல் வெளியிட்டார்கள். "முதலில் நீங்கள் யார்?" என்பது கேள்வி. தொழில், மதம், இனம் என்று எதையும் சொல்லலாம். கடும் போட்டியுள்ள தேர்தல் ஒவ்வொரு மாதம் நெருங்க நெருங்க, இனத்தைச் சொல்பவர்கள் 1.8 சதவீதப் புள்ளி கூடுகிறார்கள். கருத்துக்கணிப்பில் பலரும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்: ஒரு நாட்டில் தேர்தல் சூட்டில் கேட்டதையும், இன்னொரு நாட்டில் தேர்தல் வாடையே இல்லாதபோது கேட்டதையும் அருகருகே வைத்து, 'இங்கே இனப்பற்று அதிகம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

உங்களிடம் அப்படிச் சொன்னவர் எந்த நாட்டை, தேர்தலுக்கு எத்தனை மாதம் இருக்கும்போது பார்த்துவிட்டுச் சொன்னார்? கேட்டு எழுதுங்கள்.