11 ஜிபி பழைய கார்டா, 8 ஜிபி புதிய கார்டா?

கேள்வி: என் கணினியில் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஏழெட்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 4060 பொருத்தலாம் என்று எண்ணியிருந்தேன். ஆனால் பழையதில் 3584 கோர்களும் (சிப்பில் கணக்கிடும் சிறு அலகுகள்) 11 ஜிபி மெமரியும் இருக்க, புதியதில் 3072 கோர்களும் 8 ஜிபியும்தான் இருக்கின்றன. காசையும் கொடுத்துவிட்டு ஒரு படி கீழே இறங்குவது போலாகாதா?

பதில்: உங்கள் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 2017 மார்ச்சில் வெளிவந்த 1080 டிஐ, ஜிடிஎக்ஸ் 10 வரிசையின் உச்சியில் இருந்த கார்டு. 2023 ஜூனில் வந்த 4060, தன் வரிசையின் கடைசிப் படியில் இருப்பது. ஒரு வரிசையின் முதல் இடத்தையும் பின்னால் வந்த வரிசையின் கடைசி இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம் என்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது.

கோர்களை எண்ணுவதை முதலில் விட்டுவிடுங்கள். ஒரே தலைமுறைக்குள் அந்தக் கணக்கு உதவும். தலைமுறை மாறினால் உதவாது. பழையதன் சிப் 16 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டு, பூஸ்டில் (சுமை வரும்போது எட்டும் உயர்வேகத்தில்) 1582 மெகாஹெர்ட்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. புதியதற்கு அறிவிக்கப்பட்ட வேகம் 2460 மெகாஹெர்ட்ஸ். கோர்கள் குறைந்தாலும் ஒவ்வொன்றும் விரைந்து வேலை செய்வதால், ரே டிரேசிங்கை (ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை) அணைத்துவிட்டு 1080பி (1920×1080 புள்ளிகள்) திரையில் ஓட்டும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றன; புதிய கேம்கள் பலவற்றில் 4060 சற்றே முந்துகிறது. ஆகவே வேகம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்து மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும்.

மெமரி விஷயத்தைத்தான் நான் நின்று நிதானித்துப் பார்க்கச் சொல்வேன். 1080 டிஐயின் மெமரிப் பாதை 352 பிட் அகலம். நொடிக்கு 484 ஜிபி தரவு அதில் போய்வரும். 4060-இன் பாதை 128 பிட்தான். நொடிக்கு 272 ஜிபி. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் அதன் சிப்புக்குள்ளேயே 24 எம்பி கேஷ் என்ற சிறு சேமிப்பிடம் வைத்திருக்கிறார்கள். பழையதில் அது 3 எம்பிகூட இல்லை. அடிக்கடி வேண்டிய தரவு கைக்கெட்டும் இடத்திலேயே கிடைத்துவிட்டால் வெளியே மெமரிக்குப் போகும் நடை குறைகிறது. 1080பியில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. 4கே திரைக்குப் போகும்போது கேஷ் போதாமல், பாதை குறுகலாக இருப்பது தெரிய ஆரம்பிக்கிறது.

ஆனால் எவ்வளவு பெரிய கேஷ் இருந்தாலும் 8 ஜிபி 11 ஜிபி ஆகிவிடாது. டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்புப் படம்) தரத்தை உச்சத்தில் வைத்து விளையாடும்போது கார்டின் மெமரி நிரம்பிவிட்டால், மீதித் தரவைக் கணினியின் ராமிலிருந்து ஸ்லாட் வழியாக இழுத்து வர வேண்டும். 4060 அந்த ஸ்லாட்டில் 16 லேன்களுக்கு (தரவுத் தடங்களுக்கு) பதில் 8 லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐஇ என்ற ஸ்லாட் தரத்தின் 4.0 பதிப்புள்ள மதர்போர்டில் அது நொடிக்குச் சுமார் 16 ஜிபி. 1080 டிஐ காலத்து 3.0 மதர்போர்டில் அதில் பாதிதான். அந்த நேரத்தில் கேமில் சட்டென்று பார்வையைத் திருப்பினால், எதிரே உள்ள சுவர் ஒரு கணம் மங்கலாக வந்து பிறகு தெளியும். அல்லது படம் ஓர் இழுப்பு இழுத்து நிற்கும். நொடிக்கு எத்தனை படம் என்று சொல்லும் சராசரி ஃபிரேம் எண்ணிக்கையில் இது தெரியவே தெரியாது, கண்ணுக்கு மட்டும் உறுத்தும். உங்கள் மதர்போர்டு எந்தக் காலத்தது என்பதைக் கார்டு வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, பழையதில் இல்லாதவை. 1080 டிஐயில் ரே டிரேசிங்குக்கான கோர்களும் இல்லை, ஏஐ கணக்குகளுக்கான டென்சர் கோர்களும் இல்லை, காட்சியின் வடிவங்களைத் திறமையாக உருவாக்கும் மெஷ் ஷேடர் வசதியும் இல்லை. சென்ற சில ஆண்டுகள் வரை இவை இல்லாமலே காலம் தள்ள முடிந்தது. 2024 டிசம்பரில் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ கேம் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டைக் கட்டாயமாகக் கேட்கிறது. அங்கே 11 ஜிபி இருந்தும் பயனில்லை. இதைவிட முக்கியமானது கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர். 1080 டிஐ இடம்பெற்ற பாஸ்கல் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்துவதாகவும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் இவற்றின் சிப்பை உருவாக்கும் என்விடியா நிறுவனம் அறிவித்தது. நல்ல உழைப்பாளிக் கார்டுக்கு இப்படி ஓர் எல்லை வந்துவிட்டதில் எனக்கு வருத்தம்தான்.

மின்சாரக் கணக்கும் ஒன்று உண்டு. பழையது 250 வாட், புதியது 115 வாட். முழுச் சுமையில் தினம் 4 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 197 யூனிட் வித்தியாசம் வரும்.

என் முடிவைக் கேட்டால், 1080பி திரையில் புதிய கேம்களை விளையாடுபவர் தாராளமாக மாற்றலாம். 1440பி அல்லது 4கே திரை வைத்துக்கொண்டு பழைய கேம்களையே உயர்ந்த டெக்ஸ்சரில் ரசிப்பவர், 1080 டிஐயை வைத்துக்கொண்டு 12 அல்லது 16 ஜிபி கார்டுக்காகப் பணம் சேர்ப்பதே நல்லது.

கேள்வி: 4060-இல் ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வசதியால் ஃபிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்கிறார்களே, அப்படியானால் இரண்டு கார்டும் சமம் என்பது எப்படிப் பொருந்தும்?

பதில்: கேம் கணக்கிட்டுத் தரும் இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே, கார்டு தானாக ஊகித்து வரையும் ஒரு ஃபிரேமைச் செருகுவதுதான் அந்த வசதி. திரையில் ஓட்டம் வழுவழுப்பாகிறது என்பது உண்மை. ஆனால் நடு ஃபிரேமை வரைய அடுத்த ஃபிரேம் கையில் இருக்க வேண்டும் என்பதால், அதைச் சிறிது நேரம் பிடித்துவைக்க வேண்டியிருக்கிறது. மவுஸை அசைத்த பின் படம் அசைவதற்கான தாமதம் கூடுகிறது. வசதி இல்லாமலேயே 60 ஃபிரேம் வரும் இடத்தில் போட்டால் இனிமையாக இருக்கும். 25 ஃபிரேமில் தடுமாறும் கேமில் போட்டால், பார்ப்பதற்கு நன்றாக இருந்தும் கைக்குக் கனமாகவே தோன்றும். கார்டுகளை ஒப்பிடும்போது இந்த வசதியை அணைத்து வைத்த எண்களையே பாருங்கள்.

கேள்வி: என் 1080 டிஐ இப்போது மிகவும் சூடாகிறது, விசிறிச் சத்தமும் தாங்கவில்லை. ஆயுள் முடிந்துவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. என் கார்டும் இதே நிலைக்கு வந்தபோது பின்புறத் திருகுகளைக் கழற்றி ஹீட்சிங்கை (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் தொகுதியை) மெல்லத் திருகித் தூக்கினேன். சிப்பின் மேல் இருந்த, வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்புப் பொருக்காகக் காய்ந்து, நகத்தால் தொட்டாலே உதிர்ந்தது. தகடுகளின் இடையே தூசி, கம்பளித் துணி போலப் படிந்திருந்தது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் சிப்பைத் துடைத்து, புதிய பேஸ்டை மெல்லிய படலமாகத் தடவி, திருகுகளை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். மெமரிச் சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடுகளைக் கிழித்துவிடாதீர்கள். மாற்ற வேண்டி வந்தால் அதே தடிமனில் வாங்குங்கள், தடித்த பேடு போட்டால் ஹீட்சிங்க் சிப்பில் சரியாகப் பதியாது. விசிறியின் ஒயரைப் பிடுங்கும்போது ஒயரைப் பிடிக்காமல் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். இந்தக் கார்டுக்கு என்விடியா வைத்த உச்ச வெப்ப வரம்பு 91 டிகிரி செல்சியஸ். துடைத்து மூடிய பிறகும் நீண்ட விளையாட்டில் அந்த எண்ணையே தொட்டுக்கொண்டிருந்தால், விசிறி போதிய வேகத்தில் சுழல்கிறதா என்றும் கேபினெட்டுக்குள் காற்று வந்து போக வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.