மறுபடி ஐசியு போனால் அப்பச்சி தாங்குவாரா?

கேள்வி: காரைக்குடி வீட்டில் அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும்தான். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அப்பச்சிக்கு 71 வயது, பல வருடமாகச் சர்க்கரை. 3 மாதம் முன்பு சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவி, மதுரையில் ஐசியுவில் இருந்து திரும்பினார். இப்போது முடி கொட்டுகிறது, காலில் பலமில்லை. ஐசியு நோயாளி பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ‘அபாச்சி’ ஸ்கோரில் அவருடைய எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று இணையத்தில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மறுபடி காய்ச்சல் வந்தால், மீதமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கை உடனே கொடுக்கலாமா?

பதில்: அந்த ஸ்கோரை இனித் திறக்காதீர்கள். ஐசியுவில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் இருந்த மிக மோசமான அளவுகளை வைத்துப் போடும் கணக்கு அது. வீட்டுக்கு வந்து நடமாடும் மனிதரைப் பற்றி அதில் சொல்ல ஒன்றுமில்லை.

முடி தானே வளரும். கால் பலத்துக்குப் பிசியோதெரபியும், சாப்பாட்டில் முட்டை, பருப்பும் வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பொறுங்கள்.

மேலே சுருக்கிப் போட்டிருக்கும் உங்கள் கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அட்மிட் ஆவதற்கு முந்தின நாள், சொந்த வீட்டு வளவில் உட்கார்ந்துகொண்டே, “நம்ம வீட்டுக்குப் போவோம்” என்றாராம் அப்பச்சி. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஆத்தாவைக் குறை சொல்லவில்லை, பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நேற்று வரை தெளிவாக இருந்த முதியவர் திடீரென்று தடுமாறிப் பேசினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ, அது வயசு இல்லை. தொற்றின் பாதிப்பு மூளை வரை தொட்டுவிட்டது என்று அர்த்தம் இருக்கலாம். இந்த வயதில் காய்ச்சலே இல்லாமலும் வரும். ஐசியுவில் ஒருவர் பிழைப்பதை வயதும் சர்க்கரையும் பாதிக்கும், உண்மைதான். அதைவிட, உள்ளே வரும்போது எத்தனை உறுப்புகள் அடிவாங்கியிருக்கின்றன என்பதைத்தான் ஐசியு டாக்டர்களான நாங்கள் முதலில் பார்ப்போம். ஒரு ராத்திரி தாமதம் அந்த எண்ணிக்கையைக் கூட்டிவிடும்.

தினமும் வீடியோ காலில் பேசுகிறீர்கள் அல்லவா? என்ன கிழமை, மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் குழம்பினால் ஆத்தாவைப் பக்கத்தில் உட்கார்ந்து, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக 1 நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். மூச்சு 22 அல்லது அதற்கு மேல் போனாலோ, பிரஷரில் மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே இருந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். அளவெல்லாம் சரியாக இருந்து குழப்பம் மட்டும் இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைதான். குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரையும் பாருங்கள். அது தாழ்ந்தாலும் இதே தடுமாற்றம் வரும்.

மீதி மாத்திரையா? தயவுசெய்து வேண்டாம். அரைகுறையாகக் கொடுத்தால் கல்ச்சரில், அதாவது ரத்தம், சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி பிடிபடாமல் போகலாம், எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் நாங்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். கால்வலிக்கு மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையையும் நிறுத்துங்கள், சர்க்கரைக்காரரின் கிட்னியை அது கெடுக்கும். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து ஆத்தாவின் போனிலும், பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் இன்றே போட்டு வையுங்கள். அடுத்த முறை பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.