சேற்றுப் பாதைக்கு எந்த டயர்?

கேள்வி: என்னுடையது 27.5 இன்ச் மலை சைக்கிள், டயர் அகலம் 2.1. கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்து மண் பாதைகளில்தான் பெரும்பாலும் ஓட்டுகிறேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் செம்மண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்ற மாட்டேன் என்கிறது. சேற்றுக்கென்றே தனி டயர் இருக்கிறது, ஒன்று நாலாயிரத்துக்கு மேல் ஆகும் என்கிறார் கடைக்காரர். ஜோடியாக வாங்கிவிடலாமா?

பதில்: ஜோடியாக வேண்டாம். ஒன்று போதும், அதுவும் முன் சக்கரத்துக்கு. பின் சக்கரம் வழுக்கினால் வண்டி கொஞ்சம் ஆடும், சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் அடுத்த நொடி நீங்கள் தேயிலைச் செடிக்குள் கிடப்பீர்கள்.

பணத்தை எடுப்பதற்கு முன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பாருங்கள். முன்னால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நடுவில், பின்னால் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில், சுண்டுவிரல் தாராளமாகப் போகிறதா? போகவில்லை என்றால் உங்கள் பிரச்சினையில் பாதி அங்கேதான் இருக்கிறது. ஒட்டுகிற களிமண்ணுக்கு அந்த இடுக்கு போதாது. அகலமான டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உலர்ந்த தளர்மண்ணில் அது சரிதான். சேற்றில் அகலம் கூடக் கூட இடுக்கு குறையும், டயரும் சேற்றின் மேலேயே மிதக்கும். ஒடுக்கமான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கிற கெட்டித் தரையைத் தொடும்.

அடுத்து பட்டன்களை, அதாவது டயர் மேல் புடைத்திருக்கும் ரப்பர்க் கட்டிகளைப் பாருங்கள். சைக்கிளோடு வருகிற டயரில் பெரும்பாலும் சின்னச் சின்ன பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். தார் ரோட்டில் சுலபமாக உருள அது உதவும். ஈரக் களிமண்ணில் நாலு சுற்று சுற்றினால் இடைவெளி எல்லாம் அடைத்துக்கொண்டு, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். அதன்பின் பட்டன் இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்களுக்கு வேண்டியது உயரமான, விளிம்பு கூர்மையான, ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கிற பட்டன்கள். கடையில் டயரைக் கையில் வாங்கி, இரண்டு பட்டன்களுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். விரல் அடிவரை போய் உட்கார வேண்டும். அந்த அளவு இடம் இருந்தால்தான் சக்கரம் சுற்றும் வேகத்தில் சேறு தானாகத் தெறித்து விழும்.

மேக்ஸிஸ், ஷ்வால்பே என்ற டயர் கம்பெனிகளின் வெட் ஸ்க்ரீம், டர்ட்டி டேன் போன்றவை முழுச் சேற்று டயர்கள். மழையில் நடக்கிற டவுன்ஹில் (மலையிறக்க) பந்தயங்களில் போடுவதற்கானவை. தார் ரோட்டில் ஓட்டினால் கொரகொரவென்று சத்தம் வரும், மிதிக்க மிதிக்கக் கால் கடுக்கும், பட்டன்களும் சீக்கிரம் தேய்ந்துவிடும். தோட்டத்துக்குப் போகவே ரோட்டில் சில கிலோமீட்டர் மிதிக்கிற ஆளுக்கு இது வீண் செலவு. நடுத்தரமாக மேக்ஸிஸ் ஷார்ட்டி, ஷ்வால்பே மேஜிக் மேரி இருக்கின்றன. முன்னால் போட இவை போதும். ஆனால் இவை பெரும்பாலும் 2.3-க்கு மேல்தான் கிடைக்கும், ஃபோர்க்கில் இடம் இருக்கிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். இடம் இல்லையா? பிராண்டை மறந்துவிட்டு, 2.1 அல்லது 2.25-இல் இடைவெளி விட்ட பட்டன் உள்ள டயராகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம் காற்று. பஞ்சர் கடையில் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார்கள், கேட்டால் ‘நாள் தாங்கும்’ என்பார்கள். ஆனால் அவ்வளவு கெட்டியாக இருந்தால் சேற்றில் பிடிப்பு குறையும். ட்யூப் போட்ட வண்டியில் 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 26 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), பின்னால் 29 என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்ச அளவு ஏதும் அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே போக வேண்டாம். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது ட்யூப் ரிம்மில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பது கணக்கில் சேராது. மீட்டர் வைத்த பம்ப் ஒன்று வாங்குங்கள், டயருக்கு முன்னால் வாங்க வேண்டியது அதுதான்.

கேள்வி: சேற்றில் பரவாயில்லை, நனைந்த வேரிலும் பாறையிலும்தான் வழுக்குகிறது. இன்னும் பெரிய பட்டன் போடலாமா?

பதில்: போட்டால் இன்னும் மோசமாகும். வேரும் பாறையும் கெட்டியானவை, பட்டன் அதில் இறங்க முடியாது. உயரமான பட்டன் அப்படியே மடங்கிக்கொள்ளும். இங்கே பிடிப்பது ரப்பரின் மென்மை. மேக்ஸிஸில் மேக்ஸ்கிரிப், ஷ்வால்பேயில் அல்ட்ரா சாஃப்ட் என்று போட்டிருப்பவை மிக மென்மையானவை. ஷ்வால்பே டயரில் ஊதாக் கோடு இருந்தால் அல்ட்ரா சாஃப்ட், ஆரஞ்சுக் கோடு சாஃப்ட். மென்மை கூடினால் தேய்மானமும் கூடும், அதனால் இதுவும் முன்னால் மட்டும். வேரைக் குறுக்கே, முடிந்தவரை நேராகக் கடந்துவிடுங்கள். அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடாதீர்கள்.

கேள்வி: 26 இன்ச் என்று பார்த்துத்தான் ஆன்லைனில் வாங்கினேன். ரிம்மில் ஏறவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்று வேலையாக இருக்காது. 26 × 1.95 என்பதும் 26 × 1 3/8 என்பதும் வேறு வேறு ரிம்முக்கானவை. முதலாவதன் ரிம் விட்டம் 559 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 590. இன்ச் கணக்கை விட்டுவிட்டு, பழைய டயரின் பக்கவாட்டில் 50-559 என்பதுபோல் புடைத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். முன்பாதி அகலம், பின்பாதி ரிம் விட்டம். பின்பாதி அச்சாக ஒத்துப்போக வேண்டும். 27.5 இன்ச்சுக்கு அது 584, 29-க்கு 622. மாட்டிப் பார்த்ததில் கறை படாத டயர் என்றால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை, டயர் ஓரிடத்தில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. ‘ஓட்டின டயரை மாற்ற முடியாது’ என்கிறது கடை.

பதில்: முதலில் ரிம் ஓரமாக டயரில் ஓடும் மெல்லிய கோட்டைச் சுற்றிலும் பாருங்கள். ஓரிடத்தில் அது உள்ளே பதுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். காற்றை இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடித்தால் உட்கார்ந்துவிடும். கோடு சீராக இருந்தும் புடைப்பு இருக்கிறதென்றால் உள்ளே நூல் விட்டுப்போயிருக்கிறது, அதை ஓட்டாதீர்கள். கல் வெட்டிய தடம் வெளியே இல்லை என்பது தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு கடைக்கும் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம்.