மாவோரி மரச்சிற்பங்களும் பச்சைக்கல் பதக்கங்களும் சேகரிக்க ஆசை, எப்படித் தொடங்குவது?

கேள்வி கேட்டவர் இன்னும் இரண்டு மாதத்தில் மூன்று வாரப் பயணமாக நியூசிலாந்து வருகிறாராம். "பழைய பொருளாகக் கிடைத்தால் நல்லது, போலி வாங்கி ஏமாறக் கூடாது" என்றும் எழுதியிருக்கிறார். நான் வெலிங்டனில் பதினான்கு வருடமாக இருக்கிறேன். என்னிடம் இந்த வகையில் ஒன்பது பொருட்கள் உண்டு. அதில் முதலாவது போலி. அந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

பழைய பொருள் ஆசையை விமானம் ஏறுமுன்பே விட்டுவிடுங்கள். இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகள் செய்த, பயன்படுத்திய, 50 வயது தாண்டிய பண்பாட்டுப் பொருட்களுக்கு இங்கே 1975-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காவல் இருக்கிறது. அவற்றுக்குச் சட்டம் வைத்த பெயர் 'தாவோங்கா தூத்துரு'. தனியார் கையில் உள்ள அப்படியொரு பொருளை நீங்கள் வாங்க வேண்டுமென்றால் பதிவு பெற்ற சேகரிப்பாளராக இருக்க வேண்டும், அதற்கு இந்த நாட்டிலேயே குடியிருக்க வேண்டும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோக அனுமதி வேறு. ஆற்றங்கரையில் நடக்கும்போது பழைய கல் உளி ஒன்று காலில் இடறினால்கூட எடுத்துப் பையில் போட முடியாது. 28 நாளுக்குள் அரசுக்கோ பக்கத்து அருங்காட்சியகத்துக்கோ தெரிவிக்க வேண்டும். உரிமை யாருக்கு என்று முடிவாகும்வரை அது அரசின் பொருள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று எனக்கும் முதலில் தோன்றியது. நியூ பிளிமத் ஊரில் உள்ள புக்கே அரிக்கி அருங்காட்சியகத்தில் ஐந்து மரப் பலகைகளைப் பார்த்த பிறகு தோன்றவில்லை. தரனாக்கிப் பகுதியின் பாணி அது: கூம்பி நிற்கும் தலைகள், ஒன்றுக்குள் ஒன்று பாம்பு மாதிரி நெளிந்து போகும் உடல்கள். உணவும் உடைமையும் சேமிக்கும் களஞ்சியம் ஒன்றின் பின்சுவர்ப் பலகைகள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பாக்கியோடு பகைக்குழுக்கள் வந்தபோது ஊர்க்காரர்கள் அவற்றைக் கழற்றிச் சதுப்பு நிலத்தில் அமிழ்த்தி வைத்துவிட்டார்கள். சேற்றுக்குள் காற்றுப் புகாததால் மரம் கெடவில்லை. 1972-இல் மோட்டுனூயி என்ற இடத்தில் வெளியே வந்தன. வந்த வேகத்தில் வியாபாரி ஒருவர் கைக்குப் போய், நாட்டை விட்டுக் கடத்தப்பட்டு, ஜெனீவாவில் ஜார்ஜ் ஓர்ட்டிஸ் என்ற பெரும் சேகரிப்பாளரிடம் சேர்ந்தன. 1977-இல் அவருடைய சின்ன மகளைப் பணத்துக்காகக் கடத்திவிட்டார்கள். மகளை மீட்ட செலவை ஈடுகட்ட அவர் 1978-இல் லண்டனில் தன் சேகரிப்பை ஏலத்துக்கு விட்டபோதுதான் பலகைகள் எங்கே இருக்கின்றன என்பதே இங்கே தெரிந்தது. நியூசிலாந்து அரசு வழக்குப் போட்டது. 1983-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்த் தோற்றது. ஏற்றுமதி செய்யும்போது சுங்கத்தார் பிடித்திருந்தால்தான் அரசுக்குச் சொந்தமாகும், பிடிக்காமல் விட்டதால் ஆகாது என்பது தீர்ப்பு. ஓர்ட்டிஸ் 2013-இல் இறந்த பிறகு, அவர் குடும்பத்தோடு பேசி, 2014-இல்தான் பலகைகள் திரும்பின. திருடுபோன நம் பத்தூர் நடராஜர் சிலை அதே லண்டனில் வழக்கை வென்று 1991-இல் ஊர் திரும்பியதை நினைத்துக்கொண்டேன். பலகைகளுக்கு முன்னால் ஒரு பாட்டி தரையில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்த சொந்தக்காரரிடம் பேசுவதுபோல் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

சரி, லண்டன் ஏலத்திலோ இணையத்திலோ சட்டப்படியே பழைய பொருள் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கும். கூடவே நூறு வருடப் பழைய போலிகளும் கிடைக்கும். கழுத்தில் தொங்கும் மனித உருவப் பதக்கத்துக்கு 'ஹெய் டிக்கி' என்று பெயர் (கார் டிக்கி அல்ல). ஐரோப்பியர் அதைத் தேடி வாங்க ஆரம்பித்ததும் உலகம் முழுக்கச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இங்கிருந்து கல் கப்பலேறி, ரத்தினக்கல் பட்டறைகளுக்குப் பேர்போன ஜெர்மனியின் இடார்-ஓபர்ஸ்டைன் நகருக்குப் போய், இயந்திரத்தில் அறுபட்டுப் பதக்கமாகத் திரும்பியது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் லிட்டில் என்ற வியாபாரி மாவோரிப் பொருட்களைத் தானே செதுக்கிப் பழசு என்று விற்றார், அருங்காட்சியகங்களே ஏமாந்தன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. அசலான பழைய டிக்கிகளிலும் பல, ஆதியில் டிக்கி அல்ல. இரும்புக் கோடரி வந்ததும் பச்சைக்கல் உளிக்கு வேலை போய்விட்டது. 'டோக்கி' என்று சொல்லும் அந்த உளிகளை எடுத்துத் தேய்த்து டிக்கியாக மாற்றினார்கள். அதனால்தான் சில டிக்கிகளின் கால்பக்கம் உளியின் வாய்போல் சரிந்து கூர்மையாக இருக்கும். தொங்கவிடும் துளையையும் பாருங்கள். பழங்காலத் துரப்பணத்தில் இரண்டு பக்கமிருந்தும் குடைந்திருப்பார்கள், அதனால் துளை நடுவில் ஒடுங்கி உடுக்கைபோல் இருக்கும். தலைமுறை தலைமுறையாகக் கயிறு அறுத்து முதல் துளை தேய்ந்து போய், பக்கத்தில் இன்னொன்று போட்டிருப்பதும் உண்டு. இதையெல்லாம் கண்ணுக்குப் பழக்க வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகம், ஆக்லாந்தில் அங்குள்ள போர் நினைவு அருங்காட்சியகம், இரண்டுக்கும் ஒவ்வொரு நாள் ஒதுக்குங்கள். தே பாப்பாவின் சேகரிப்பில் நம் பொருளும் ஒன்று இருக்கிறது. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்த வெண்கல மணி. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டபோது மாவோரிகள் அதைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார்களாம். இரும்புச் சட்டி ஒன்றைக் கொடுத்து மணியை வாங்கிக்கொண்டார். நம் சேகரிப்பு ஆசையை யாராவது மெச்சும்போது எனக்கு இந்த மணிதான் ஞாபகம் வரும்.

இப்போது நீங்கள் வாங்கக்கூடியவை. பச்சைக்கல் என்றதும் மரகதம் என்று நினைக்க வேண்டாம். இது 'பௌனமு'. பெரும்பாலும் நெஃப்ரைட் என்ற ஜேடு வகை, தென் தீவில் மட்டும் கிடைப்பது. தென் தீவின் மாவோரிப் பெயரிலேயே இந்தக் கல் இருக்கிறது: தே வாய் பௌனமு. கவக்கவா என்ற செடியின் இலைபோல் கரும்பச்சையாக இருப்பது கவக்கவா. ஆற்றில் பிடிக்கும் பொடிமீன்போல் சாம்பல் வெளுப்பாக மின்னுவது இனங்கா. வெளிச்சம் ஊடுருவும் தெளிந்த பச்சை, கஹுரங்கி. தங்கிவாய் என்பது கனிமத்தால் வேறு கல், கண்ணாடிபோல் இருக்கும், மென்மையானது, பெயருக்குக் கண்ணீர் என்று பொருள் சொல்வார்கள்.

1997-இல் ஒரு சட்டத்தின் மூலம் தென் தீவின் பௌனமு உரிமை ஙாய் தாஹு என்ற மாவோரி இனக்குழுவுக்குத் திரும்பியது. (தமிழில் ங-வில் தொடங்கும் சொல் தேடித்தான் பிடிக்க வேண்டும். நெடுங்கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்த எழுத்துக்கு இந்த நாட்டில் நல்ல வேலை. வெள்ளைக்காரர்கள் திணறும் இடத்தில் நாம் சரளமாகச் சொல்லலாம்.) அவர்கள் சான்று தரும் கல்லோடு ஒரு குறியீட்டு எண் வரும். அதை அவர்கள் இணையதளத்தில் போட்டால் கல்லின் மூலத்தையும் செதுக்கியவரையும் பார்க்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், கனடா, சைபீரியா, சீனா நெஃப்ரைட்டும் அதே கனிமம்தான். உங்களாலும் என்னாலும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. நான் வந்த முதல் மாதம் ஒரு சுற்றுலாக் கடையில் டிக்கி வாங்கினேன். அட்டையில் "நியூசிலாந்து வடிவமைப்பு" என்றிருந்தது. 'வடிவமைப்பு' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை.

ஒன்றோடொன்று முறுக்கிய 'பிக்கொருவா' வடிவத்தைக் காட்டி, தொன்மையான நட்புச் சின்னம் என்று கடைக்காரர் கதை சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். அழகான வடிவம், ஆனால் போன நூற்றாண்டில் வந்தது. மீன்தூண்டில் வடிவமான 'ஹெய் மத்தாவு', எளிய டோக்கி, காதுத் தொங்கல்கள், இவைதான் பழைய மரபு. என் கண்ணுக்கு டோக்கிதான் அழகு. ஒளிக்க இடமில்லாத வடிவம், கல்லும் கைவேலையும் நன்றாக இல்லாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

மரச்சிற்பத்துக்கு ரோட்டோருவா போங்கள். அபிரானா ஙாட்டா என்ற மாவோரி அரசியல்வாதியின் முயற்சியில் 1927-இல் அங்கே சிற்பப் பள்ளி தொடங்கியது. அந்த மரபில் வந்த பயிற்சி இன்றும் அங்குள்ள தே பூயியா என்ற பண்பாட்டு மையத்தில் நடக்கிறது, செதுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மரம் பெரும்பாலும் டோட்டரா. சிற்பியிடம் விலையைக் கேட்பதற்கு முன் "இந்த உருவம் யார்?" என்று கேளுங்கள். பெயர் சொல்வார், அவர் வழி வந்த கதை சொல்வார். கடையில் இதே கேள்விக்குப் பதில் வராது. எலும்புப் பதக்கம் வாங்கினால் மாட்டெலும்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். திமிங்கல எலும்பும் பல்லும் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது, நம் ஊர் சுங்கத்தில் மாட்டினால் கதை கந்தல்.

பௌனமுவைத் தனக்குத்தானே வாங்கிக்கொள்ளக் கூடாது, பிறர் தர வேண்டும் என்று பலர் சொல்வார்கள். எல்லா மாவோரிகளும் அப்படி நினைப்பதில்லை. நான் வேலை மாறியபோது உடன் வேலை பார்த்த மாவோரி அக்கா ஒருவர் டோக்கி ஒன்று தந்தார். இரண்டு வாரமாகத் தன் கழுத்தில் போட்டிருந்து, கழற்றும்போதே என் கழுத்தில் மாட்டினார். கல் இளஞ்சூடாக இருந்தது. "பெட்டியில் வைக்காதே, தோலில் பட வேண்டும்" என்றார். சேகரிப்பு என்று அலமாரியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தவன் நான். அன்று இரவு அலமாரியைக் காலி செய்தேன். இப்போது ஒன்று என் கழுத்தில், இரண்டு மனைவியிடம், மற்றவை நண்பர்களிடம் போய் வருகின்றன.

செலவே இல்லாமல் வேண்டுமென்றால் தென் தீவின் மேற்குக் கரையில் ஹொக்கிட்டிகா கடற்கரைக்குப் போங்கள். பொதுமக்கள் ஒரு நாளில் தனியாளாகத் தூக்கக்கூடிய அளவு பௌனமு பொறுக்கிக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. ஆற்றில் கை வைக்காதீர்கள். நான் முதுகுப்பை நிறையப் பச்சையாகப் பொறுக்கிப்போய் ஊர்ச் சிற்பி ஒருவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கட்டைவிரல் அளவு ஒன்றைத் தனியே வைத்தார். மீதியைக் காட்டி, "தோட்டத்துக்கு நல்ல கல்" என்றார்.

கடல் கொந்தளித்த மறுநாள் காலையில் போங்கள், அலை புதிதாகக் கொண்டுவந்து போட்டிருக்கும். அந்த முதல் போலி டிக்கி என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கு: எங்கள் வீட்டுத் தபால்பெட்டிச் சாவியில் தொங்குகிறது.